கசப்புக் காகிதம்

"தூ! தூ! நாக்கே செத்துப்போச்சு!" ஃப்ளோரா காகிதத் துண்டைத் துப்பிவிட்டுத் தண்ணீர்ச் செம்பைத் தேடி ஓடினாள்.

"எனக்கும் கசக்குதுங்க," என்றாள் அம்மா ஆனி, அவசரமாக. காகிதம் இன்னும் அவள் வாய்க்குள்ளேதான் இருந்தது.

கல்லூரியிலிருந்து மருந்தில் தோய்த்து எடுத்துவந்த காகிதம். சிலருக்குக் கசக்கும், சிலருக்கு ருசியே தெரியாது. யுத்தத்தில் ஊரெல்லாம் காகிதப் பஞ்சம். ஃப்ளோராவின் அப்பா, பேராசிரியர் ஞானதாஸுக்கு மட்டும் வீணாக்கக் கிடைத்துவிட்டது!

அவர் ஹென்றி பக்கம் திரும்பினார். "பாத்தியா? எனக்குக் கசக்கல. பொண்ணு அம்மாவைக் கொண்டிருக்கா. அப்பா, அம்மா ரெண்டு பேருக்குமே கசக்கலேன்னா, புள்ளைக்கும் கசக்காது. பாரம்பரியம்னா இதான். சீமையில படிச்சவன் சொல்றேன்."

அவர் சீமையில் அதைப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் ஃப்ளோரா பிறந்த செய்தி கடிதத்தில் போயிற்று. மகள் முகத்தை அவர் பார்த்ததே, அவள் நடக்கத் தொடங்கிய பிறகுதான்.

ஹென்றி நின்றுகொண்டே இருந்தான். பெண் கேட்டு வந்தவனை உட்காரக்கூடச் சொல்லாமல் வித்தை காட்டுகிறார், படித்த மனுஷன்! பள்ளிக்கூட வாத்தியார், தங்கமான பையன் என்று சாந்தோமே சொல்கிறது. அவன் செய்த ஒரே குற்றம், கன்னியாஸ்திரீகளின் அநாதை மடத்தில் வளர்ந்தது.

"உன் நாக்கு யார் நாக்குடா? சொல்லு! அப்பன் திருடனா, குடிகாரனா? மடத்து வாசல்ல கெடந்ததுங்க எல்லாம் சாக்கடை ரத்தம். சோறு போட்டா ரத்தம் மாறிடுமா?"

"டாடி!" ஃப்ளோரா செம்பை மேசையில் ணங்கென்று வைத்தாள். "இன்னொரு வார்த்தை பேசினீங்க, இப்பவே இவரோட போயிடுவேன்!"

"போக மாட்டே! உன் ஒடம்புல ஓடறது என் ரத்தம். அது சாக்கடையைத் தேடிப் போகாது!"

ஆனிக்கு முகம் சிவந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவர் எதிரில் குரலை உயர்த்தாதவள், மேசையிலிருந்து இன்னொரு காகிதத்தை எடுத்து வாயில் போட்டாள். அவர் கண்ணைப் பார்த்தபடியே நன்றாக மென்றாள். முகம் சுளிக்கவே இல்லை.

"எனக்கும் கசக்கல! நீங்க சீமையில இருக்கச்சே நம்ம புள்ள செத்துதான் பொறந்துச்சு."

ஃப்ளோராவை இழுத்து மார்போடு சேர்த்துக்கொண்டாள்.

"இவளையும் அந்த மடத்துலேர்ந்துதான் தூக்கியாந்தேன்."