நற்சான்று

“பதினஞ்சு வயசுப் பையனோட மணிக்கட்டை முறிச்சவனுக்கு ராஜினாமாதான் தண்டனையா?”

டானியா கேட்டதும் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்து அந்தச் சின்ன ஊர் மன்றக் கூடமே சலசலத்தது. ஊர் போலீஸுக்குத் தலைவியான லோரீன், கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தபடியே பதில் சொன்னாள்.

“கெஸ்லர் தானாவே வேலையை விட்டுட்டார். இனி அவர் இந்த ஊர் போலீஸ் இல்லை.”

“என் பையன் இனி பேஸ்பால் வீச முடியாதாம். அதுவும் தானாவே நடந்ததா?”

லோரீன் காகிதத்தைப் புரட்டினாள்.

கோதுமை விவசாயி ஒருத்தர் எழுந்தார். “பட்டாளம் வேண்டாம்னு கழிச்ச கவச வண்டியை வாங்கி நிறுத்தத் தெரியுது. ஒழுங்கான ஆளாப் பார்த்துச் சேர்க்கத் தெரியலையே, சீஃப் அம்மா!”

“வண்டியை ஏன்யா குறை சொல்றே? அதுக்கடியில பூனை குட்டி போட்டிருக்கு!” என்றது பக்கத்துக் குரல். சிரிப்பலை.

“ஏழு பேர் இருக்க வேண்டிய இடத்துல இப்ப ரெண்டே பேர்தான் இருக்கோம்” என்றாள் லோரீன்.

“அதுக்காக? அவனைச் சேர்க்கறதுக்கு முன்னாடி பழைய ஊர்ல விசாரிச்சீங்களா, இல்லையா?” விவசாயி விடவில்லை.

லோரீனின் பார்வை கடைசி வரிசைக்குப் போனது. தொப்பியை மடியில் வைத்துக் கசக்கிக்கொண்டிருந்தார் வெர்ன் ஹாஸ்கின்ஸ். பக்கத்து ஊர் போலீஸுக்குத் தலைவராக இருந்து ஓய்வுபெற்றவர். கெஸ்லரின் பழைய மேலதிகாரி.

“விசாரிச்சேன்.” அவர் பேரைச் சொல்லாமல் காகிதத்தை மடித்தாள்.

கூட்டம் கலைந்ததும் வாசலிலேயே அவரை மடக்கினாள்.

“உள்ள உங்க மானத்தைக் காப்பாத்திட்டேன், வெர்ன். ‘அருமையான அதிகாரி, கண்ணை மூடிக்கிட்டு எடுத்துக்கோங்க’ன்னு எழுதிக் கொடுத்தது நீங்க. அவன் மேல உங்க ஊர்ல அஞ்சு புகார் இருந்திருக்கு!”

“ஆறு” என்றார் அவர், தரையைப் பார்த்து.

“வெட்கமா இல்லே?”

“இருக்கு. ‘நல்லபடியா ஒரு கடிதம் கொடுங்க, சத்தமில்லாமப் போயிடறேன். இல்லேன்னா கோர்ட்டுல பார்த்துக்கலாம்’னான். எங்க ஊர் வக்கீலும் கொடுத்துத் தொலைங்கன்னுட்டார். சனியன் விட்டாச் சரின்னு கையெழுத்துப் போட்டேன். அது உன் ஊர்ல வந்து இறங்கிடுச்சு.”

“அந்தப் பிள்ளையோட கையை முறிச்சது உங்க கையெழுத்துதான்!”

அப்போது டானியா மகனோடு வந்தாள். பையனின் கை கட்டோடு கழுத்தில் தொங்கியது.

“உள்ள கோபத்துல கத்திட்டேன், சீஃப். நீங்களாவது அவனை யூனிஃபார்மைக் கழட்ட வெச்சீங்க. அதுக்கு நன்றி. இன்னொரு பிள்ளைக்கு இப்படி நடக்காதுல்ல?”

“வண்டி வருது... பார்த்துப் போங்க” என்றாள் லோரீன். பையன் பக்கம் அவள் திரும்பவேயில்லை.

அவர்கள் போன பிறகும் ஹாஸ்கின்ஸ் நகரவில்லை.

“காலையில டன்மோர் ஊர் சீஃப் எனக்குப் போன் பண்ணினார். அங்கேயும் ஆள் பஞ்சமாம். கெஸ்லர் மனு போட்டிருக்கான். இந்தத் தடவையாவது மனுஷனா இருப்போம்னு ஆறு புகாரையும் ஒண்ணு விடாமச் சொல்லிட்டேன்.”

லோரீன் அவசரமாகக் குறுக்கிட்டாள். “அவர்... என்ன சொன்னார்?”

“நம்பலைம்மா. ‘நீங்க சொல்றது பழைய கதை. போன வாரம் வரைக்கும் அவரை வேலைக்கு வெச்சிருந்த லோரீனே தங்கமான மனுஷன்னு எழுதிக் கொடுத்திருக்காங்களே’ன்னு, உன் கடிதத்தை எனக்குப் படிச்சுக் காட்டினார்.”