மாறாத பதிப்பு

படிப்பவருக்குச் சலிப்புத் தட்டி நாடித்துடிப்பு தளர்ந்தால் கதையை மாற்றிவிடும் டேப்லெட்டில்தான், ஆளுக்கொன்றாக, ஜெபராணியும் அவள் கணவன் தேவசகாயமும் ஒரு விக்டோரியா காலத்து நாவலைத் தனித்தனியே படித்தார்கள்.

"கதாநாயகிக்குக் கல்யாணம் ஆனதும் அழுதுட்டேன்," என்றான் தேவசகாயம்.

"கல்யாணமா? என் புத்தகத்துல அவ கப்பலேறிப் போயிட்டாளே!"

படித்த கதைக்காகச் சண்டை போட்டே வளர்ந்த தாம்பத்யம். அன்று ஆளுக்கொரு கதை; சண்டை போட வழியே இல்லை.

ஜெபராணி இரண்டு டேப்லெட்டிலும் அந்த வசதியை நிறுத்தினாள். முதலிலிருந்து படித்தார்கள். கதையில் பக்கம் பக்கமாக மழை பெய்தது. பாதிரியார் பேசிக்கொண்டே இருந்தார். கொட்டாவியை விழுங்கிக்கொண்டு, விடாப்பிடியாக முடித்தாள்.

"சுமார்தான்," என்றாள்.

"சுமாரா? உனக்கு ரசனையே கிடையாதுடி!"

ஜெபராணி முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"எந்த இடம் நல்லா இருக்கு? சொல்லுங்க பார்ப்போம்!"