சூடில்லாத பெட்டி

வால்பாறையில் மழை பிடித்துக்கொண்டால் துணி காயவே காயாது. எஸ்தர் வீட்டு முன்னறையில் ஒரு கணினிக் கம்பெனி மாத வாடகை கொடுத்து இரவுபகலாக ஓடவிட்டிருந்த கிராபிக்ஸ் கணினிப் பெட்டி மட்டும் அடுப்பாய்க் கொதிக்கும். தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டுப் பெண்கள் எல்லாரும் ஈரத்துணியோடு அங்கேதான் வருவார்கள். காயும்வரை ஊர்க்கதை ஓடும். தனிக்கட்டையான எஸ்தருக்கு வேறு பேச்சுத்துணை இல்லை.

"புது சிப் போட்டாச்சும்மா. கரண்டு பத்துல ஒரு பங்குதான் இழுக்கும், சூடே வராது" என்று ஒருநாள் பெருமையாகச் சொல்லிவிட்டுப் போனார் கம்பெனி மெக்கானிக்.

பெட்டி சில்லிட்டுக் கிடந்தது. ஒரு வாரமாக யாரும் வாசலை மிதிக்கவில்லை.

எட்டாம் நாள் எஸ்தர் ஒரு ஹீட்டர் வாங்கிவந்து பெட்டிக்குப் பின்னால் ஒளித்துவைத்தாள். பிறகு பக்கத்து வீட்டுச் சுவரைத் தட்டினாள்.

"பவுனு, பெட்டி பழையபடி கொதிக்குதுடி! துணியெல்லாம் எடுத்துக்கிட்டு வா!"