மேஜை ஏறும் உடம்பு

"ஒல்லி, சட்டையைக் கழற்று. மேஜையில ஏறு."

பிசியோதெரபி கல்லூரியின் செய்முறை வகுப்பில் இந்தக் கட்டளைக்கு மட்டும் விடுமுறையே கிடையாது. தோள்பட்டை இல்லாத மாணவன் என்று அங்கே எவனும் இல்லை. ஆனாலும் பாடம் நடத்த வாத்தியாருக்கு ஒல்லியின் தோள்பட்டைதான் வேண்டும்.

கழற்றினான். பனியனில் துணியைவிட ஓட்டை அதிகம். பின்வரிசையில் யாரோ இருமினார்கள். இருமல்தான் என்று ஒல்லி நம்பினான்.

"எலும்பெல்லாம் எவ்வளவு தெளிவாத் தெரியுது பாருங்க," என்றார் வாத்தியார்.

அவர் செய்து காட்டியதும், மற்றவர்கள் இரண்டிரண்டு பேராகப் பிரிந்து ஒருவர் உடம்பில் ஒருவர் பழகுவார்கள். ஒல்லிக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. அவனைத் தன்னிடமே நிறுத்திக்கொண்டு, தன் தோளையே கொடுத்து, "பண்ணு" என்பார் வாத்தியார். பண்ணினால், "இது தோளா, தண்ணிக் குழாயா? மெதுவா!" என்பார்.

"ஏழை சொல்தான் அம்பலம் ஏறாது. ஏழை உடம்பு மட்டும் தினம் மேஜை ஏறணுமாடா?"

வகுப்பு விட்டதும் கேட்டவன் வக்கீல். அவன் படிப்பதும் பிசியோதெரபிதான். ஊரார் வழக்கையெல்லாம் தன் வழக்காக எடுத்துப் பேசுவதால் கிடைத்த பட்டம் அது.

"எனக்கு எலும்பு நல்லாத் தெரியும்னு..."

"எங்களுக்கெல்லாம் என்ன, உள்ளே பஞ்சா வெச்சிருக்கு? நீ காலையில மீன் கூடை இறக்கிட்டு வர்றவன்னு அவருக்குத் தெரியும். கேக்க நாதியில்லாதவன்னு பிடிச்சு வெச்சிருக்கார். எங்களோட உன்னைச் சேரவே விடறதில்லை, பாத்தியா?"

ஒல்லிக்கும் அது சரியாகத்தான் பட்டது. வகுப்பில் ஒருவரும் அவனிடம் முகம் சுளித்ததில்லை. எல்லாம் தங்கமான பிள்ளைகள். இந்த ஒரு மனுஷர்தான்.

அன்று இரவு வீட்டில் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தான்.

"படிப்பை விட்டுடறேன்மா. மீன் கூடையே போதும்."

அலுவலகங்களைப் பெருக்கித் துடைத்துவிட்டு வந்து காலை நீட்டியிருந்த அம்மா, நீட்டிய காலை மடக்கினாள்.

"யாருடா என்ன பண்ணாங்க?"

"ஒருத்தர்தான்மா. வாத்தியார்."

"ஒருத்தருக்காகவா மத்தவங்களையெல்லாம் விட்டுட்டு வருவே? வாயை வாடகைக்கா விட்டிருக்கே? கேளு. கேட்டுட்டு, அப்புறம் விடு."

மறுநாள் வாத்தியார் வாயைத் திறக்குமுன் ஒல்லி எழுந்து நின்றான்.

"இனிமே மேஜையில ஏற மாட்டேன் சார்."

"ஏன்?"

"தினமும் நான்தானா? ஏழைன்னுதானே? கேக்க ஆளில்லைன்னுதானே? நானும் எல்லாரையும் மாதிரி ஜோடி சேர்ந்து கத்துக்கறேன். இல்லேன்னா இன்னையோட நின்னுக்கறேன்."

வக்கீல் கைதட்டினான். வகுப்பு முழுவதும் சேர்ந்துகொண்டது. நியாயத்துக்குக் கைதட்டுவது எப்போதுமே சுகமான காரியம். கைக்கும் நல்ல பயிற்சி.

வாத்தியார் வகுப்பை ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

"நிஜமாத்தான் கேக்கறியா?"

"ஆமா சார்."

"யோசிச்சுக்கோ."

"யோசிச்சாச்சு சார்."

முன்வரிசைப் பையன் ஒருவன் மேஜை ஏறினான். அவனுடைய பனியன் முழுசாக இருந்தது. பாடம் முடிந்தது.

"ஜோடி சேருங்க," என்றார் வாத்தியார். வழக்கமாக அதட்டும் குரல், ஏனோ தேய்ந்திருந்தது.

பாய்கள் விரிந்தன. ஒல்லி முதல் பாய்க்குப் போனான். அங்கே இருந்தவன், "நாங்க ரெண்டு பேர்டா," என்று இன்னொருவனை இழுத்து உட்கார வைத்தான். அடுத்த பாயிலும் அவசரமாக இருவர். அதற்கடுத்ததில், நேற்றுவரை பேசிக்கொள்ளாத இரண்டு பேர் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள்.

கடைசியில் மிஞ்சியது ஒல்லியும் வக்கீலும்.

ஒல்லிக்கு முகம் மலர்ந்தது. பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி! சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, "வாடா, முதல்ல நீ பண்ணு," என்றான்.

வக்கீல் அவனைப் பார்க்கவில்லை. கையை உயர்த்தினான்.

"சார், நான் இந்தப் பாயிலயே மூணாவது ஆளாச் சேர்ந்துக்கட்டுமா?"

கேட்டுக்கொண்டே உட்கார்ந்தும் விட்டான். அந்தப் பாயில் இருந்த இருவரும் நகர்ந்து இடம் கொடுத்தார்கள்.

வாத்தியார் பாய்களைத் தாண்டி ஒல்லியிடம் வந்து, மற்றவர் காதில் விழாமல் சொன்னார்.

"முதல் வகுப்புலயே இப்படித்தான்ப்பா ஒதுங்கினாங்க. நீ கவனிக்கலை. கவனிச்சிடக் கூடாதேன்னுதான் உன்னை மேஜையிலயே வெச்சிருந்தேன்."