பொறுப்பு சுமக்கிற கழுத்து

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அங்கப்பன் வைத்தியர் லூர்துசெல்வியின் பிடரியை இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தார். சின்னக் குப்பியில் எண்ணெய் ஊற்றிக் கொடுத்தார். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

"அவ்வளவுதானுங்களா?" என்றாள் லூர்துசெல்வி. "ஒரு மாசமா நொம்ப வேதனைங்க. யாராச்சும் கூப்பிட்டா உடம்போட திரும்ப வேண்டியிருக்குது."

"தலைச்சுமையா?"

"காப்பிப் பழ மூட்டைங்க. சூப்பர்வைசர் ஒரே நடையில கொண்டாரச் சொல்றாரு. நடுவுல இறக்கி வெக்கக் கூடாதுங்க."

"சுமையை இறக்கு அம்மிணி. அப்புறந்தான் எண்ணெய் கேக்கும்."

"சீசன் முடிய இன்னும் மூணு வாரம் இருக்குதுங்க. இப்ப நின்னா அடுத்த வருசம் பேரு இருக்காது."

வைத்தியர் அடுத்த குப்பியை எடுத்தார். அவளுக்குப் பின்னால், அதே எஸ்டேட்டில் வேலை செய்யும் குப்பாயி கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் அதே குப்பிதான்.

மறுநாள் சூப்பர்வைசர் தேவசிகாமணிக்கே கழுத்து பிடித்துக்கொண்டது. சேலத்திலிருந்து வந்த பஸ்ஸில் தலை தொங்கத் தூங்கியிருக்கிறார். இருபது கொண்டை ஊசி வளைவிலும் தலை ஆடிய ஆட்டத்தில், காலையில் எழுந்தால் முகம் இடப்பக்கமே நிற்கிறது.

செய்தி கேட்டு எஸ்டேட்டில் யாரும் அழவில்லை.

வைத்தியர்தான் பையைத் தூக்கிக்கொண்டு குவார்ட்டர்ஸுக்கே ஓடி வந்தார்.

ஒத்தடத்துக்கு நொச்சித் தழை ஒடித்துவர, சூப்பர்வைசரின் சம்சாரம் லூர்துசெல்வியைத்தான் அனுப்பினார். தழையோடு வந்தவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

தேவசிகாமணி கட்டிலில் குப்புறப் படுத்திருந்தார். பிடரியில் உளுந்து மாவால் வட்டமாக வரப்பு கட்டி, அதற்குள் வெதுவெதுப்பான எண்ணெய் நிரப்பியிருந்தது. வைத்தியர் மண்டி போட்டு, ஆற ஆற எண்ணெயைப் பஞ்சில் ஒற்றி எடுத்து, மறுபடி சூடு பண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார். கோயில் வாசல் மாதா கெபி விளக்குக்குக்கூட யாரும் இவ்வளவு பவ்யமாக எண்ணெய் விட்டு அவள் பார்த்ததில்லை.

"வெறும் சுளுக்கா இருக்குமோ?" என்றார் சூப்பர்வைசர், தலையணைக்குள்ளிருந்து.

"என்னங்க இப்படிச் சொல்லிட்டீங்க? சாக்கு சுமக்கிற கழுத்து வேறங்க, பொறுப்பு சுமக்கிற கழுத்து வேறங்க. இது பெரிய மனுசங்களுக்கு வர்ற வாதம். இருபத்தோரு நாள் வெளியில தலை காட்டக் கூடாது. பனிக்காத்து ஆகாது, மேடேறக் கூடாது. முக்கியமா சத்தம் போடக் கூடாது. போட்டா நரம்பு முறுக்கிக்கும்."

தேவசிகாமணியின் முகம் தெரியவில்லை. பெரிய மனுஷ வியாதி வந்துவிட்ட பெருமை முதுகிலேயே தெரிந்தது.

தழையைப் போட்டுவிட்டு லூர்துசெல்வி விறுவிறுவென்று தோட்டத்துக்கு நடந்தாள்.

"ஆளைப் பார்த்துத்தாண்டி வைத்தியம்," என்றாள் குப்பாயியிடம்.

"பின்னே? நம்ம கழுத்து மூட்டைக்கு முட்டுக் குடுக்க. அவிய கழுத்து சங்கிலி போட," என்றாள் குப்பாயி.

இருபத்தோரு நாளும் வைத்தியர் ஒரு வேளை தவறவில்லை. காலையில் கஷாயம், அப்புறம் எண்ணெய், ஒத்தடம், சாயங்காலம் மூக்கில் சொட்டு மருந்து. பங்குச் சாமியார் விசாரிக்க வந்தபோது, தேவசிகாமணி தன் நரம்பின் வரலாற்றை ரகசியக் குரலில் முக்கால் மணி நேரம் சொன்னார். சாமியாருக்கு அன்றைக்குச் சாயங்கால ஜெபம் தாமதமானது.

தோட்டத்தில் அவருக்குப் பதில் யாரும் வரவில்லை. பழம் நிறுத்துக் கணக்கெழுதும் ரைட்டர் தராசை விட்டு எழுந்திருக்கிற ஆள் இல்லை. மூட்டையைப் பாதியாக்கி இரண்டு நடையாகக் கொண்டுவந்தாலும், வளைவில் இறக்கி வைத்து மூச்சு வாங்கினாலும் ஏனென்று கேட்க நாதியில்லை. அப்படியே பழ சீசனும் முடிந்தது.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் லூர்துசெல்வி நேராக வைத்தியரிடம் போனாள். மனசில் இருப்பதைக் கொட்டாமல் திரும்புவதில்லை என்றுதான் போனாள்.

"ஏனுங்க வைத்தியரே, எனக்கு ஒரு நிமிசம், அவருக்கு இருபத்தோரு நாளு. ஏழைக் கழுத்துன்னா கழுத்து இல்லீங்களா?"

மருந்து இடித்துக்கொண்டிருந்த வைத்தியர் தலை நிமிரவில்லை. "அந்த ஜன்னல்ல காக்கா உக்காந்திருக்குதா பாரு அம்மிணி."

லூர்துசெல்வி பார்த்தாள். "இல்லீங்களே."

"அந்தப் பக்கத்து ஜன்னல்ல?"

பார்த்தாள். கழுத்து மட்டும் திரும்பியது அப்போதுதான் அவளுக்கே உறைத்தது.

"குப்பாயிக்கு எப்படி?"

"அவளுக்கும் தேவலைங்க. எல்லாத்துக்குமே தேவலைங்க." குரல் கொஞ்சம் இறங்கியது. "உங்க எண்ணெய்தானுங்களா?"

"அந்த ஒரு குப்பியில என்ன ஆகும்? சூப்பர்வைசருக்கும்தான் என்ன? வெறும் சுளுக்கு. ரெண்டாம் நாளே சரியாப் போச்சு."

"அப்ப அந்தக் கஷாயமுங்க?"

"சீரகத் தண்ணி. கொஞ்சம் வேப்பங்கொழுந்து சேர்த்தேன். கசக்காட்டி பெரிய மனுசங்க நம்ப மாட்டாங்க."

வைத்தியர் இடிப்பதை நிறுத்தினார்.

"உங்க எஸ்டேட்டுலருந்து பதினோரு பொம்பளைங்க கழுத்தைப் புடிச்சுக்கிட்டு வந்தீங்க. சுமையை இறக்குங்கன்னேன். ஒருத்தர் விடாம முடியாதுன்னீங்க. அதான், பதினோரு பேருக்கும் சேர்த்து அவர் ஒருத்தருக்கு வைத்தியம் பண்ணிட்டேன்."