பொங்காலை வெயில்

வலது கண்ணை மூடிப் பார்த்தாள் நீது. அடுப்பில் இருந்த பானை காணாமல் போயிற்று. திறந்தாள். பானை வந்தது.

அப்படியானால் இடது கண்தான். கால்களும் மரக்கத் தொடங்கியிருந்தன.

ஸ்ரீவராகம் தெரு முழுக்கச் செங்கல் அடுப்புகள், ஓலைத் தீ, பெண்கள். ஆற்றுகால் பொங்காலை, அம்மனுக்குப் பெண்கள் தெருவிலேயே பொங்கலிடும் நாள். கோவிலிலிருந்து ஆள் வந்து தீர்த்தம் தெளிக்கும்வரை யாரும் அடுப்பை விட்டுப் போவதில்லை. தலைக்கு மேலே வெயில்.

மழைக்காலத்தில்தான் டாக்டர் நோயின் பெயரைச் சொன்னார். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். நரம்பின் மேலுறை அங்கங்கே அரிபடுகிறது, வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. உடம்பு சூடேறினால் கண் மங்கும், கால் மரக்கும், தணிந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும் என்றார். 'பெரும்பாலும்' என்ற சொல்லை மட்டும் நீது வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

அம்மாவுக்கு இப்போது தெரிய வேண்டாம் என்றான் கணவன் செல்வகணேஷ். பக்கத்துத் தெருவில், வலிப்பு இருப்பதை மறைத்துவிட்டார்கள் என்று ஒரு மருமகளைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். அனுப்பாமல் பின்னே என்று கேட்டவள் அவன் அம்மா கோமதியம்மாள்.

அந்தக் கோமதியம்மாள் காலையிலிருந்தே மருமகளை விடவில்லை. ஓலை ஒடிக்கக் கையில் பலமில்லையா என்றாள். ஒரு தேங்காய் துருவ இவ்வளவு நேரமா என்றாள்.

எதிர் அடுப்பு ஓமனா சிரித்தாள். "மருமகளுக்குக் கம்ப்யூட்டர் தட்டத்தான் அறியும், அல்லே கோமதியம்மே?"

எழுந்து போய்விடலாம். ஆனால் நேர்ந்து வைத்த பானை பொங்குமுன் எழுந்தால் தெருவே ஏன் என்று கேட்கும். பதில் சொல்ல வேண்டும். கண் இந்தத் தடவை திரும்பி வராவிட்டால் அதையும் சொல்ல வேண்டும்.

மறுபடியும் வலது கண்ணை மூடினாள். இப்போது அடுப்பே இல்லை. அகப்பையைத் துழாவிய கை பானையில் பட்டது. சுட்டது தெரிய நேரமாயிற்று.

"ஏட்டி, எந்திரி."

பின்னால் கோமதியம்மாள் நின்றாள். குரல் தெருவின் அந்தக் கோடிவரை கேட்டது.

"தூரமாயிட்டு அடுப்பு முன்னால இருக்கியே, வெவரம் இல்லையா ஒனக்கு? உள்ள போ."

நீதுவுக்குப் போன வாரம்தான் மாதவிலக்கு வந்து போயிருந்தது. தரையில் கையூன்றி எழுந்தாள். சேலையில் எதையோ பார்த்துவிட்டாள் மாமியார் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். பக்கத்து அடுப்பு கௌசல்யா தன் முந்தானையை இழுத்து ஒதுக்கி வழி விட்டாள். யாரோ சிரித்தார்கள்.

நீது சுவரைப் பிடித்தபடி வீட்டுக்குள் போனாள். பின் அறையில் ஃபேனைப் போட்டுவிட்டு வெறுந்தரையில் படுத்தாள். அழுதால் கண் இன்னும் மங்குமோ என்று அழவும் பயமாக இருந்தது.

கதவு திறந்தது. கோமதியம்மாள். கையில் ஐஸ் தண்ணீர் சொட்டும் துண்டு.

குனிந்து, துண்டை மருமகளின் கழுத்தைச் சுற்றிப் போட்டாள். சுட்ட விரலைப் பிடித்துத் துண்டின் நுனிக்குள் பொதிந்தாள்.

"அத்தை..."

"கண்ணு தெளியற மட்டும் படுத்துக் கெட. என் மகனுக்குப் பொய் சொல்ல வராது, கேட்டியா. கார்த்திகையிலேயே எனக்குத் தெரியும்."

கதவைச் சாத்திவிட்டுத் தெருவுக்கு வந்தாள். தூரமானவளைத் தொட்டால் குளிக்க வேண்டும்; குளிக்கவில்லை. ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு நீதுவின் அடுப்பு முன்னால் உட்கார்ந்து, பொங்கிவிட்ட பானையில் வெல்லத்தைப் போட்டாள்.