வெளிச்சுவர்

"பதினேழாம் நம்பரை மட்டும் உள்சுவர் கணக்குல அளந்துடும்மா."

ஸ்கேன் படங்களை அளப்பவளுக்குத் தன் காது மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. சொன்னவர் பெரிய டாக்டர். அந்த மாடியில் அவருக்குப் பட்டப்பெயரே 'வெளிச்சுவர்'தான்.

இதயத்திலிருந்து வயிற்றுக்கு இறங்கும் பெருந்தமனி சிலருக்கு ஓரிடத்தில் உப்பிக்கொள்ளும். அதைச் சிலர் குழாயின் உள்சுவரிலிருந்து அளப்பார்கள், சிலர் வெளிச்சுவரிலிருந்து. ஒரே வயிற்றுக்கு ஆளுக்கொரு அளவு. இந்தக் குளறுபடியை ஒழிக்கத்தான் டாக்டர் இந்த ஆராய்ச்சியையே ஆரம்பித்தார். யாராக இருந்தாலும் வெளிச்சுவரிலிருந்து வெளிச்சுவர் வரைக்கும்தான். போன மாதம் ஒரு படத்தை உள்ளே அளந்துவிட்டு, எல்லார் முன்னாலும் அவரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள் இவள்.

இப்போது அதே மனிதர்!

பதினேழைக் காலையிலேயே அளந்தாகிவிட்டது. வெளிச்சுவர் கணக்கில் ஐம்பத்தேழு மில்லிமீட்டர். ஐம்பத்தைந்தைத் தாண்டினால் உடனே ஆபரேஷன் பற்றிப் பேசியாக வேண்டும், விட்டால் எப்போது வேண்டுமானாலும் வெடிக்கலாம். அதையே உள்சுவரில் அளந்தால் ஐம்பத்திரண்டு. ஆறு மாதம் கழித்து வரச்சொல்லி அனுப்பிவிடலாம்.

"இவருக்கு மட்டும் ஏன் சார்?"

"வெளிச்சுவர் சரியாத் தெரியலை."

கோடு போட்ட மாதிரி தெரிகிறது என்று சொல்ல வாயெடுத்தாள். அவர் அதற்குள் கதவைத் தாண்டிவிட்டார். அதட்டாமல் பேசியதுதான் அவளுக்கு இன்னும் விளங்கவில்லை.

மறுபடி அளந்தாள். ஐம்பத்தேழு. இன்னொரு முறை. ஐம்பத்தேழேதான்.

ஒருவேளை அவருக்குத் தெரிந்த ஏதோ ஒன்று தனக்குத் தெரியவில்லையோ? இல்லை, யாராவது பெரிய இடத்து ஆள் ஆபரேஷனுக்குப் பயந்து அவரைப் பிடித்துவிட்டாரோ? படத்தில் பெயரும் கிடையாது, வயதும் கிடையாது, வெறும் நம்பர்தான். யாரென்று நினைத்துப் பார்க்க?

குழப்பம் போய்க் கோபம் வந்தது. ஊருக்கெல்லாம் ஒரு அளவு, வேண்டியவர்களுக்கு ஒரு அளவா? இத்தனை நாள் இவரையா நேர்மையின் சிகரம் என்று வீட்டில் போய்ப் பெருமையடித்தோம் என்று வெட்கமாகக்கூட இருந்தது.

வேலை போனால் போகட்டும். அந்தப் பதினேழு யாராக இருந்தாலும், ஓர் உயிர்.

அளவு தாண்டினால் அன்றைக்கே நோயாளியின் வீட்டில் யாராவது ஒருவருக்குப் போன் செய்துவிட வேண்டும். பயத்தில் நோயாளிகளே விஷயத்தை மறைத்துவிடுகிறார்கள் என்று டாக்டர் போட்ட விதி அது. ஒப்புதல் படிவத்தில் ஒரு கட்டம்கூடக் காலியாக இருக்கக் கூடாது என்பதும் அவர் போட்டதுதான்.

பதினேழின் படிவத்தை எடுத்தாள். அதிலும் பெயருக்குப் பதில் நம்பர்தான். மற்ற எல்லாக் கட்டமும் ஒழுங்காக நிரப்பியிருந்தது. வீட்டில் தகவல் சொல்ல வேண்டியவர் என்ற இடத்தில் 'மனைவி' என்று போட்டு, பக்கத்தில் ஒரு நம்பர்.

போன் செய்தாள். இரண்டாவது மணியிலேயே ஒரு பெண்குரல் எடுத்தது.

"பெருந்தமனி ஆராய்ச்சிப் பிரிவுலேர்ந்து பேசறேங்க. உங்க வீட்டுக்காரரோட ஸ்கேன் விஷயமா..."

"ஸ்கேனா? அவருக்கா?" அந்த அம்மாளும் குழம்பினார். "நம்பர் மாத்திப் போட்டுட்டியாம்மா? இது டாக்டர் வீடு. அவர் அங்கதானே இருப்பார், வெளிச்சுவரைப் பாருன்னு யாரையாவது திட்டிக்கிட்டு."